நாய்க் கருத்தடை மையங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாநகராட்சி நாய் இனக்கட்டுப்பாட்டு மையங்களில் புதிதாகப் பணிக்குச் சேர்வோரிடம், முன்பிருந்தவர்கள் செய்த அதே பிழைகளையே மீண்டும் காண்கிறேன். அடிக்கக் கூடாது, பட்டினி போடக் கூடாது என்பவை எவரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிடித்த இடத்தைக் குறிக்காமல் விடுவது

இன்றும் என்னைச் சினங்கொள்ள வைப்பது இதுதான். வந்துசேரும் ஒவ்வொரு நாய்க்கும் எண்ணிட்ட கழுத்துப்பட்டை அணிவித்து, அவ்வெண்ணைப் பிடித்த இடத்தின் பதிவோடு பொருத்தி, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்தபின் அதே இடத்தில் விட வேண்டும் என்கின்றன 2023ஆம் ஆண்டு விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள். ஆனால் ஒரு மையத்தில் வண்டியோடு வந்த தாளில் வார்டு எண் மட்டுமே இருந்தது. கருத்தடைக்கு அடையாளமாகக் காது நுனி வெட்டப்பட்ட ஒரு செவலை நாயைப் பிரதான சாலையின் மறுபுறம் இறக்கிவிட்டார்கள்; அங்கிருந்த நாய்கள் துரத்த, தன் தெருவுக்குத் திரும்ப முயன்ற அது பேருந்தில் அடிபட்டு இறந்தது. அதற்குச் சோறு வைத்துவந்த பூக்கார அம்மா வந்து கேட்டபோது, பதிவேட்டைப் புரட்டியவரிடம் பதில் இல்லை. அதன்பின் அத்தெருவினர் வண்டியைக் கண்டாலே நாய்களை வீட்டுக்குள் மறைத்தார்கள். கருத்தடைப் பணி அங்கேயே நின்றுபோனது.

பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களில் பிடித்த நாய்களை மீண்டும் அங்கே விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்டது. ஆகவே, நாய் மருத்துவமனை மதிலுக்கு உள்ளே பிடிபட்டதா, வெளியே பிடிபட்டதா என்ற ஒரு வரியே, அது தன் தெருவுக்குத் திரும்புமா, காப்பகத்திலேயே கிடக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. தெருப்பெயரையும் அருகிலுள்ள கடை அல்லது கதவு எண்ணையும் பிடித்த இடத்திலேயே எழுதி, கைப்பேசியில் படமெடுத்து, வண்டியின் கதவை மூடும் முன்பே அடையாள எண்ணைக் கட்டிவிடுங்கள். மையத்தில் இறக்கியபின் நினைவிலிருந்து எழுதினால் நாய்கள் மாறிப்போகும்.

புதிய நாயை ஏற்கெனவே நாய்கள் உள்ள கூண்டில் அடைப்பது

வேண்டவே வேண்டாம்.

பினாயிலை நம்புவது

நாய்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ வைரஸ் பினாயிலுக்கு அடங்குவதில்லை. நாயை வேறிடத்துக்கு மாற்றி, மலத்தை முழுதும் கழுவியபின், நீர்த்த பிளீச்சிங் கரைசலைப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள்.

பால்மடியைப் பாராமல் பிடிப்பது

மடியில் பால் இருந்தால், குட்டிகள் அருகிலேயே எங்கோ இருக்கும்.

முதல் நாளே ‘கடிக்கும்’ என்று எழுதுவது

வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்ட நாய் கூண்டின் மூலையில் உறுமுவது பெரும்பாலும் அச்சத்தால்தான். மூர்க்கமானது என்று பதிவாகும் நாயை எவரும் தத்தெடுக்க முன்வரமாட்டார்கள். கூண்டின் ஒரு பக்கத்தைத் துணியால் மறைத்து, ஒரே ஊழியர் உணவு வைத்துவரும்படி சில நாள் பார்த்துவிட்டு, அதன்பின் எழுதுங்கள்.