நோட்டுக்கு அட்டை போடுவதும் மற்ற ஜூன் மாத வேலைகளும்

போன வருடம் பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் ராத்திரி 11 மணி. நானும் மனைவியும் தரையில் உட்கார்ந்து 16 நோட்டுக்கு அட்டை போட்டு முடித்தோம். மறுநாள் சாயங்காலம் இரண்டாம் வகுப்பு மகள் பையை இறக்கி வைத்ததும் சொன்ன முதல் வார்த்தை: "அப்பா, நோட்டு மூடவே மாட்டேங்குது. மிஸ் வேற அட்டை போட்டுட்டு வரச் சொன்னாங்க." எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு நோட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. வார முடிவுக்குள் பாதி கிழிந்தும் விட்டது.

இந்த வருடம் மே மாதக் கடைசியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தோம். என்ன வரிசையில் செய்தோம் என்று எழுதி வைக்கிறேன். ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் உதவும்.

முதலில் தூக்கம்

இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும், அதனால் இதில் தொடங்குங்கள். லீவில் எங்கள் வீட்டில் பிள்ளைகள் தூங்க 10.30 ஆகிவிடும். பள்ளி நாளில் 9 மணிக்குப் படுக்க வேண்டும். இரண்டு நாளுக்கு 15 நிமிடம் என்று முன்னே நகர்த்தினால் 12 நாள் தேவை. சீக்கிரம் படுக்கச் சொல்லிச் சண்டை போடுவதால் எந்தப் பயனும் இல்லை. காலையில் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள், ராத்திரி தூக்கம் தானாக வரும். மதியம் மட்டும் தூங்க விடக் கூடாது, தூங்கினால் கணக்கு குலைந்துவிடும்.

"வெயில் ஜாஸ்தி, எப்படியும் தள்ளிப்போடுவாங்க" என்று நான்காம் வகுப்பு மகன் சொல்வான். நம்பாதீர்கள். 2023-ல் அப்படித் தள்ளிப்போய்த் தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகள் ஜூன் 14-ல்தான் திறந்தன. 2025-ல் ஜூன் 2 அன்றே திறந்துவிட்டார்கள்.

யூனிஃபார்ம், ஷூ

துணி எடுத்துத் தைப்பவர்கள் மே முதல் வாரமே டெய்லரிடம் கொடுத்துவிடுங்கள். கீழே இரண்டு விரல் அளவு உள்ளே மடித்துத் தைக்கச் சொல்லுங்கள், அடுத்த வருடம் பிரித்துவிடலாம். ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், அந்த நேரம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். கட்டைவிரல் அகலத்துக்கு முன்னால் இடம் இருக்க வேண்டும். லேஸ் வேண்டாம், ஒட்டும் பட்டை வைத்தது வாங்குங்கள். லேஸ் கட்டும் வித்தையை ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொடுத்துக்கொள்ளலாம்.

அட்டை போடுவது

தேவையானவை: பிரவுன் ஷீட் ரோல், கத்தரிக்கோல், ஸ்கேல், செல்லோ டேப். ஸ்டேப்ளர் கூடாது. போன வருடம் பின் அடித்தோம், அது பிள்ளையின் விரலையும் பக்கத்து நோட்டையும் கீறியதுதான் மிச்சம்.

ரோலை வாங்கியதும் எதிர்ப்பக்கமாகச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் வெட்டுகிற ஒவ்வொரு துண்டும் சுருண்டு சுருண்டு வரும்.

நோட்டை விரித்து ஷீட்டின் மேல் வைத்து வெட்டுங்கள். பக்கவாட்டில் நான்கு விரல், மேலும் கீழும் இரண்டு விரல் விடவும். பளபளப்பான பக்கம் வெளியே வர வேண்டும். முதுகுப்பக்கத்துக்கு நேராக மேலும் கீழும் இரண்டிரண்டு வெட்டு கொடுத்து, நடுவில் நிற்கும் சின்னத் துண்டை உள்ளே மடித்துவிடுங்கள். நான்கு மூலையையும் சாய்வாக வெட்டிவிட்டால் மடிக்கும்போது புடைக்காது.

நான் கோட்டை விட்ட இடம் இனிமேல்தான். நோட்டை விரித்தபடியே வைத்து இரண்டு பக்கத்தையும் இறுக்கி மடித்து ஒட்டினேன். விரித்த நோட்டுக்கு அந்த நீளம் போதும். ஆனால் மூடும்போது ஷீட் முதுகைச் சுற்றி வர வேண்டும், அதற்குக் கூடுதல் நீளம் தேவை. 192 பக்க நோட்டில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஷீட் இழுத்துப் பிடித்துக்கொள்வதால்தான் நோட்டு வாயைப் பிளக்கிறது.

சரியான முறை இதுதான். முன்னட்டைக்கு மட்டும் முதலில் மடித்து டேப் ஒட்டுங்கள். அப்புறம் நோட்டை முழுசாக மூடுங்கள். மூடியபடியே ஷீட்டை முதுகைச் சுற்றிப் பின்பக்கம் கொண்டுவந்து, பின்னட்டையின் ஓரத்தில் நகத்தால் ஒரு கோடு கீறுங்கள். இப்போது பின்னட்டையைத் திறந்து அந்தக் கோட்டில் மடியுங்கள். ஒட்டுவதற்கு முன் இரண்டு முறை திறந்து மூடிப் பாருங்கள். டேப்பை ஷீட்டோடு ஷீட்டாக ஒட்டுங்கள், நோட்டின் அட்டையில் படக் கூடாது.

பாடப் புத்தகத்துக்குப் பிரவுன் ஷீட் போட வேண்டும் என்று பள்ளியே சொன்னாலொழிய, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கவர்தான் என் கட்சி. சின்ன வகுப்புப் பிள்ளைகள் மேலே இருக்கும் படத்தைப் பார்த்துத்தான் புத்தகத்தை எடுக்கிறார்கள். இதே காரணத்துக்காக நோட்டு லேபிளின் மூலையில் வண்ணப் பொட்டு ஒன்று ஒட்டினேன்: கணக்குக்குப் பச்சை, தமிழுக்குச் சிவப்பு. மகள் இப்போது லேபிளைப் படிப்பதே இல்லை, பொட்டைப் பார்த்துத்தான் எடுக்கிறாள். லேபிளை எழுதிய பிறகு ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு எழுதினால் என் கையெழுத்து மாதிரி ஆகிவிடும்.

பை எடை

பையை மாட்டிக்கொண்டு எடை மெஷினில் நீங்கள் ஏறுங்கள், அப்புறம் இல்லாமல் ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்று மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. மகள் 20 கிலோ, அப்படியானால் 2 கிலோ. அவள் பை 3.4 கிலோ இருந்தது. ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்தேன். குற்றவாளி புத்தகம் இல்லை, தண்ணீர் பாட்டில். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ, அதற்கு மேல் ஸ்டீல் பாட்டிலின் எடை வேறு. அரை லிட்டர் பாட்டிலுக்கு மாற்றினோம், பள்ளியில் நிரப்பிக்கொள்கிறாள்.

டிபன் பாக்ஸ்

லஞ்ச் பாதி திரும்பி வந்தால் சாப்பாட்டைக் குறை சொல்வதற்கு முன் மூடியைப் பாருங்கள். சூடான சாதத்தை வைத்து உடனே மூடினால், உள்ளே ஆவி குளிர்ந்து மூடி இறுகிவிடும். ஆறு வயதுக் கையால் திறக்க முடியாது. ஐந்து நிமிடம் ஆறவிட்டு மூடுங்கள். லீவிலேயே இரண்டு நாள் மதியச் சாப்பாட்டை அந்த டப்பாவில் போட்டுக் கொடுத்து, கிட்டே போகாமல் பாருங்கள். எங்கள் வீட்டில் தயிர் டப்பாவின் கிளிப்பை மகள் பல்லால் கடித்துத் திறந்தாள். அன்றைக்கே மாற்றினோம்.

பின்சேர்க்கை (ஜூன் 8): கமெண்டில் ஒருவர், முன்கூட்டியே அட்டை போட்டு வைத்தாராம், பள்ளியில் பாடத்துக்கு ஒரு நிறம் கேட்டார்களாம். நியாயம்தான், முதலில் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கும் ஒருவர், புத்தகம் பள்ளி திறந்த பிறகுதான் கிடைக்கும், அட்டை வேலையும் அப்போதுதான் என்கிறார். காலை உணவு பள்ளியிலேயே என்பதால் அவர் வீட்டில் எழுப்பும் நேரத்தையும் அதற்குத் தகுந்தாற்போல முன்னால் தள்ள வேண்டியிருக்கிறதாம்.

இன்னொன்று (ஜூன் 15): பிளாஸ்டிக் கவர் மேல் ஒட்டிய லேபிள் உதிர்கிறது என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். லேபிளை உள்ளே ஒட்டி, அதற்கு மேல் கவர் போடுங்கள். மிச்ச ரோலைத் தூக்கிப் போட வேண்டாம். காலாண்டு முடிவதற்குள் கணக்கு நோட்டு தீர்ந்து புதுசு வரும், அதுவும் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் சொல்வார்கள்.