கொழும்பு மொட்டைமாடியில் பிரிட்டில்புஷ்: மழைதான் எதிரி

அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிக்கோவின் வடமேற்கிலும் பரந்த மொஹாவி, சொனோரன் பாலைநிலங்களின் கற்சரிவுகளில் வளரும் குறுஞ்செடி பிரிட்டில்புஷ் (என்சீலியா ஃபரினோசா). சூரியகாந்திக் குடும்பம், மஞ்சள் பூ, வெள்ளி பூசியதுபோன்ற இலை. கொழும்பு வெயில் இதை ஒன்றும் செய்யாது. கொல்வது வேரில் தேங்கும் நீரும் இலையில் தங்கும் ஈரமும்தான்.

வெளிநாட்டிலிருந்து விதை எடுப்பதானால் இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். கடிதஉறையில் ஒளித்து வரவழைக்காதீர்கள்.

30 செ.மீ. சுட்டமண் சாடி போதும். கரட்டு ஆற்றுமணல் 2 பங்கு, 5–10 மி.மீ. கருங்கல் சல்லி 2 பங்கு, தோட்டமண் 1 பங்கு. மணலையும் சல்லியையும் தூசி போகக் கழுவிய பிறகே கலக்க வேண்டும்; அந்தத் தூசிதான் பின்னால் சேறாகி அடியை அடைக்கும். தென்னந்தும்புத் தூள் வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். கடல்மணலும் ஆகாது. கலவையில் ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்: மேலே குளமாக நின்றால் சல்லியைக் கூட்டுங்கள். சாடிக்கு அடியில் தட்டு வைக்காமல் இரண்டு செங்கல்லில் ஏற்றிவையுங்கள்.

டிசம்பர் கடைசியில் விதைத்தால் நாற்றுக்கு ஜனவரி–மார்ச் வறட்சி கிடைக்கும். விதைமேல் 3 மி.மீ. மணல் தூவினால் போதும்.

தண்ணீர் விடுமுன் ஓர் ஈர்க்கை 10 செ.மீ. ஆழத்துக்குக் குத்தி எடுங்கள். மணல் ஒட்டிவந்தால் இன்றைக்கு வேண்டாம். நாள் குறித்து ஊற்றுவதைவிட இது நம்பகமானது. இன்னொரு அளவுகோல் இலை. வறட்சியில் அது சிறுத்து வெள்ளை ரோமம் அடர்ந்து வெயிலைத் திருப்பியனுப்பும்; ஈரம் கூடினால் அகன்று பச்சையாகும். இலை பச்சையாகி, தண்டும் நீண்டு சாய்ந்தால் தண்ணீர் அதிகம் அல்லது வெயில் குறைவு. தினமும் 6 மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும் என்பதால் வெள்ளவத்தைப் பல்கனிகள் பலவற்றுக்கு இது சரிவராது.

மழை பெய்யும் மே முதல் செப்டெம்பர் வரையும், அதைவிடக் கடுமையாகப் பெய்யும் ஒக்டோபர், நவம்பரிலும், வெளிச்சம் புகும் பிளாஸ்டிக் தகட்டுக்குக் கீழே சாடி இருக்கட்டும். பக்கங்களை மூடாதீர்கள், காற்றோட்டம் நின்றால் ரோமத்தில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். அடித்தண்டு கறுத்து மெத்தென்றால் வேர் அழுகிவிட்டது, அந்தச் செடி மீளாது.

பசளை போடாதீர்கள், நைதரசன் ஏறினால் ஏற்கெனவே முறியும் கொப்பு இன்னும் இலகுவாக முறியும். பூத்து முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கை வெட்டலாம், இலையில்லாத முதிர்ந்த கட்டைவரை போக வேண்டாம். வெட்டிய இடத்தில் பிசின் கசியும். (மெக்சிக்கோவில் பாதிரிமார் அதைக் காயவைத்துச் சாம்பிராணியாக எரித்தார்கள்.) கத்தரியில் ஒட்டியதைத் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள்.

பூவை மட்டும் நம்பி இதை வளர்க்க வேண்டாம். வெள்ளி இலை பிடிக்குமென்றால் வையுங்கள்.