அமெரிக்கச் சிற்றூரில் மனநல ஆலோசகர்: தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கென்டக்கி மாநிலத்து ஹெண்டர்சனில் குடியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓஹையோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் இந்தியானாவின் எவன்ஸ்வில். அங்குள்ள ஆலோசகரை நேரில் போய்ப் பார்க்கத் தடையில்லை. ஆனால், உங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து காணொளியில் பேச வேண்டுமென்றால் அவரிடம் கென்டக்கி உரிமமும் இருக்க வேண்டும். காரில் இரண்டு மணி நேரம் தள்ளியிருந்தாலும், அதே கென்டக்கியில் இருக்கும் லூயிவில் ஆலோசகருக்கு அந்தச் சிக்கலே கிடையாது. மனநலச் சிகிச்சை தரும் சமூகப்பணியாளருக்கான எல்.சி.எஸ்.டபிள்யூ. (LCSW) உரிமத்தை அந்தந்த மாநிலம்தான் தருகிறது. பேசும் நேரத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதே கணக்கு.

இது தெரியாமல், ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடி, "இங்கே யாருமில்லை" என்று விட்டுவிடுபவர்களே அதிகம். மாநிலம் முழுவதும் தேடுங்கள். ஒவ்வோர் அமர்வின் தொடக்கத்திலும் "இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" என்று ஆலோசகர் கேட்பது நலம் விசாரிப்பதற்காக அல்ல. கோடை விடுமுறைக்கு மதுரை போனால் அங்கிருந்தே தொடரலாம் என்றும் எண்ணிவிடாதீர்கள். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளைப் பார்க்காமல் விடுவது அடுத்த தவறு. எல்.சி.எஸ்.டபிள்யூ. என்றால் சமூகப்பணியில் முதுகலை, அதன்பின் பல மாநிலங்களில் 2 ஆண்டுகளாவது மேற்பார்வையில் சிகிச்சைப் பயிற்சி, பிறகு தேர்வு. இதே நிலை உரிமத்துக்கு ஓஹையோவில் எல்.ஐ.எஸ்.டபிள்யூ. என்றும் மாசசூசெட்ஸில் எல்.ஐ.சி.எஸ்.டபிள்யூ. என்றும் பெயர். 'லைஃப் கோச்' என்று பலகை மாட்டிக்கொள்ள எந்த உரிமமும் வேண்டியதில்லை. உரிமம் தரும் மாநில வாரியத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எல்.சி.எஸ்.டபிள்யூ. ஆலோசகர்கள் மருந்து எழுதித் தருவதில்லை. மாத்திரை தேவைப்பட்டால் மருத்துவரிடமும் போக வேண்டியிருக்கும்.

காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலை அப்படியே நம்பாதீர்கள். ஓய்வு பெற்றவர், ஊர் மாறியவர், புதியவர்களை ஏற்காதவர் எல்லாரும் அதில் இருப்பார்கள். நேரடியாகத் தொலைபேசியில் இரண்டே கேள்விகள்: புதியவர்களைப் பார்க்கிறீர்களா? என் காப்பீட்டை ஏற்கிறீர்களா? காத்திருப்போர் பட்டியல் என்றால், இரண்டு மூன்று இடங்களில் பெயர் கொடுத்து வையுங்கள்.

சின்ன ஊரில் ஆலோசகரின் மகளும் உங்கள் மகளும் ஒரே வகுப்பில் படிக்கலாம். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு அமர்வுக்குப் போய்விடாதீர்கள்; முதல் அழைப்பிலேயே சொன்னால், வேறொருவரைக் காட்டுவதா என்று அவரே யோசிப்பார். தமிழ்ச் சங்கத்தில் நன்றாகப் பேசும் ஓர் அக்காவிடம் மனம் திறப்பது வேறு விஷயம். ரகசியம் காக்கும் சட்டக் கடமை அவருக்கு இல்லை. ஆலோசகருக்கு உண்டு; உயிருக்கு ஆபத்து, குழந்தைகள் மீதான கொடுமை போன்ற சில விலக்குகளையும் அவர் முதல் நாளே சொல்வார்.

தற்கொலை எண்ணம் வந்தால் இந்தத் தேடல் எதற்கும் காத்திருக்க வேண்டாம். அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-க்கு எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.