சிறிய சங்கத்துக்கு நிதி திரட்டுவது எப்படி: செயற்குழுவிலிருந்து தொடங்கும் செய்முறை

எங்கள் சங்கம் திருவாரூர் மாவட்டத்தில் மூன்று ஊர்களில் மாலைநேரப் படிப்பு மையங்களை நடத்துகிறது. 72 பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள், ஓர் ஒருங்கிணைப்பாளர், ஏழு பேர் கொண்ட செயற்குழு, நான் பொருளாளர். சில ஆண்டுகளுக்கு முன்பு, வங்கிக் கணக்கில் பணம் இருந்தும் ஆசிரியர்களுக்கு இரண்டு மாத மதிப்பூதியம் கொடுக்க முடியாமல் நின்றோம். அதிலிருந்து மீண்ட வழியை, சங்கப் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். சங்கப் பதிவு, பான் எண், 12ஏ (சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் பதிவு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் பதிவு) ஆகியவை உங்களிடம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: செயற்குழு முதலில் கொடுக்கட்டும்

பணத்தட்டுப்பாடு வந்ததும் நானும் செயலாளரும் பக்கத்து ஊர் அரிசி ஆலை உரிமையாளரைப் பார்க்கப் போனோம். பிள்ளைகளின் படங்கள் ஒட்டிய கோப்பைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார், காபி வரவழைத்தார். பிறகு கோப்பை மூடி மேசையின் எங்கள் பக்கமாகத் தள்ளிவிட்டு, "உங்க கமிட்டியில ஏழு பேருன்னு சொல்றீங்க. அவங்க ஒவ்வொருத்தரும் இந்த வருஷம் எவ்வளவு போட்டிருக்காங்க?" என்று கேட்டார். செயலாளர் என்னைப் பார்த்தார். என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் ஏழு பேரில் இருவர் மட்டுமே கொடுத்திருந்தோம். அவர் கோபப்படவில்லை, "அதை முடிச்சிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவைத்தார். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் வேறு எதையும் பேசாமல் இதை மட்டுமே பேசினோம்.

ஆகவே நீங்களும் இங்கிருந்தே தொடங்குங்கள். செயற்குழுவில் உள்ள ஒவ்வொருவரும் நிதியாண்டின் முதல் காலாண்டுக்குள் தம்மால் இயன்றதைக் கொடுப்பது என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். குறைந்தபட்சத் தொகை வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஆண்டுக்கு 10,000 ரூபாய் தருகிறார். மையத்தில் படிக்கும் ஒரு சிறுமியின் தாயார், பூக்கட்டி விற்பவர், மாதம் 50 ரூபாய் தருகிறார். குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்று வைத்திருந்தால் அந்தத் தாயார் குழுவிலிருந்து விலகியிருப்பார், மையத்தில் என்ன நடக்கிறது என்பதை எங்களுக்குத் தெளிவாகச் சொல்லும் ஒரே குரலை இழந்திருப்போம்.

பதவிக்காலத்தையும் இதே கூட்டத்தில் பாருங்கள். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி செயற்குழு உறுப்பினரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக்கூடாது. மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படலாம், ஆனால் தேர்ந்தெடுத்ததற்கான பொதுக்குழுத் தீர்மானம் இருக்க வேண்டும். மாற்றம் நிகழ்ந்தால் படிவம் 7-ஐ மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நாங்கள் அதைத் தாமதப்படுத்தியதால், பழைய தலைவர் விலகிய பிறகும் காசோலையில் கையெழுத்திடுபவரை மாற்ற வங்கி மறுத்துவிட்டது. பதிவாளர் அலுவலக முத்திரையிட்ட நகல் கைக்கு வரும்வரை ஒவ்வொரு காசோலைக்கும் அவருடைய வீட்டுக்குப் பேருந்தில் போய்வந்தேன்.

இரண்டாம் படி: உண்மையான செலவைக் கண்டுபிடியுங்கள்

"ஒரு பிள்ளைக்கு மாதம் 300 ரூபாய்" என்று துண்டறிக்கை அச்சடித்து நாங்கள் நன்கொடை கேட்டுவந்தோம். நோட்டுப் புத்தகத்தையும் சுண்டலையும் மட்டும் கணக்கிட்டு வந்த தொகை அது. தலைமையாசிரியரின் வற்புறுத்தலால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழுக்கணக்கையும் போட்டோம். மூன்று ஆசிரியர்களுக்குத் தலா 7,000, ஒருங்கிணைப்பாளருக்கு 10,000, ஆக 31,000 ரூபாய். மாதத்தில் 24 நாள், 72 பிள்ளைகளுக்கு, தலைக்கு 8 ரூபாய் வீதம் சுண்டலுக்கு 13,824. மூன்று இடங்களின் வாடகை 4,500. புத்தகம், மின்சாரம், பயணம், ஆடிட்டர் கட்டணம் எல்லாம் சேர்த்து மாதத்துக்கு 5,676. மொத்தம் 55,000 ரூபாய், அதாவது ஒரு பிள்ளைக்கு 764. நன்கொடையாளர் ஒரு பிள்ளையை ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு முறையும் மாதம் 464 ரூபாய்க்கு நாங்கள் வேறு வழி தேட வேண்டியிருந்தது என்பது அன்றுதான் விளங்கியது. ஆசிரியருக்குக் கொடுக்கும் பணத்தை "நிர்வாகச் செலவு" என்று சொல்ல வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். படிப்பு மையத்தில் ஆசிரியர்தான் பணி; மற்றவையெல்லாம் அவருக்குத் துணை.

இந்தத் தொகையை ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு பத்திகளாகப் பிரித்து, எந்த மாதம் வரவு, எந்த மாதம் செலவு என்று எழுதுங்கள். எங்களுக்கு நன்கொடை பெரும்பாலும் தீபாவளியை ஒட்டியும் மார்ச் மாதத்திலும் வருகிறது. செலவோ பள்ளி திறக்கும் ஜூனில் ஏறுகிறது. ஆண்டுக் கணக்கில் நட்டமே இல்லாத சங்கமும் ஆகஸ்டில் கை வறண்டு நிற்பது இதனால்தான்.

மூன்றாம் படி: இரண்டு பணங்களைப் பிரித்து வையுங்கள்

நாங்கள் விழுந்தது இந்த இடத்தில்தான், எனவே சற்று நின்று சொல்கிறேன்.

அந்த ஆண்டு ஒரு நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து டேப்லட் கணினிகள் வாங்க மூன்று லட்சம் ரூபாய் அனுப்பியது. ஜூலைக் கூட்டத்தில் நான் வங்கி இருப்பை 3,40,000 ரூபாய் என்று வாசித்தேன். குழு மகிழ்ந்துபோய், நெடுநாள் கோரிக்கையாக இருந்த மூன்றாவது மையத்தைத் திறக்கத் தீர்மானித்தது. நான் வாசித்த எண்ணில் பொய் இல்லை. ஆனால் அதில் எங்கள் விருப்பப்படி செலவழிக்கக்கூடியது 40,000 மட்டுமே என்பதை நான் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மூன்று லட்சம் குறிப்பிட்ட நோக்கத்துக்காக வந்த பணம். அதைச் சம்பளத்துக்கு எடுப்பது ஒப்பந்த மீறல். அக்டோபரில் கணினிகள் வந்திறங்கின. அதற்குள் அந்த 40,000 தீர்ந்து, அக்டோபர், நவம்பர் மதிப்பூதியம் நின்றது. புத்தம் புதிய கணினிகள் பெட்டியில் இருக்க, அவற்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய ஆசிரியை தம் வீட்டு வாடகைக்குக் கடன் வாங்கினார். அவர் ஒரு நாள்கூட வகுப்பைத் தவறவிடவில்லை என்பதை இங்கே எழுதியாக வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது. பொருளாளரின் மாத அறிக்கையில் வங்கி இருப்பு என்ற ஒற்றை எண்ணை இனி எழுதாதீர்கள். அதற்குப் பதிலாக மூன்று பத்திகள் இருக்கட்டும்: பொதுப் பணம், நோக்கம் குறித்த பணம், மூலதன நிதி. மூலதன நிதி என்பது, அன்றாடச் செலவுக்கு எடுக்காமல் முதலாக வைத்திருக்கும்படி நன்கொடையாளர் எழுத்து மூலமாகக் குறிப்பிட்டுத் தருவது, வாய்மொழி போதாது. பொதுப் பணத்தின் கீழே, இது எத்தனை மாதச் செலவுக்குப் போதும் என்று ஒரு வரி சேருங்கள். எங்கள் கூட்டத்தில் இப்போது எல்லோரும் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். அது இரண்டு மாதத்துக்குக் கீழே இறங்கினால் புதிய செலவுத் தீர்மானம் எதையும் எடுப்பதில்லை என்று விதி வைத்திருக்கிறோம்.

மூன்று மாதச் செலவான 1,65,000 ரூபாயைக் கையிருப்பாகச் சேர்ப்பது எங்கள் இலக்கு. வருமான வரிச் சட்டப்படி ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும், 15 சதவீதத்தை மீத்து வைக்கலாம். 6,60,000 ரூபாய் வருமானத்தில் அது 99,000 என்பதால், இலக்கை எட்ட எப்படியும் இரண்டு ஆண்டுகள் ஆகும்.

கருவிகளைப் பொறுத்தவரை, இந்த அளவிலான சங்கத்துக்குக் கூகுள் ஷீட்ஸ் போதும் என்பேன். டேலி என்ற கணக்குப்பதிவு மென்பொருள் ஆடிட்டருக்கு வசதியானது, ஆனால் அதை செயற்குழுவில் எங்களால் திறந்து பார்க்க முடியவில்லை. ஷீட்ஸை ஏழு பேரும் கைபேசியிலேயே பார்க்கிறார்கள். நன்கொடையாளர் விவரங்களுக்கென்று விற்கப்படும் மென்பொருட்களை இருநூறு நன்கொடையாளர்கள் சேரும்வரை வாங்காதீர்கள்.

நான்காம் படி: தொகையைச் சொல்லிக் கேளுங்கள்

நன்கொடையாளரைப் பார்க்க இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் அவருக்கு அறிமுகமான செயற்குழு உறுப்பினராக இருக்கட்டும். ஒரே ஒரு தாள் போதும். "உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்" என்று கேட்பது பணிவாகத் தோன்றும், ஆனால் கொடுப்பவரைத்தான் அது சங்கடத்தில் விடுகிறது. அரிசி ஆலை உரிமையாளரிடம் இரண்டாம் முறை போனபோது, ஏழு பெயர்களும் எதிரே தொகையும் இருந்த தாளை முதலில் வைத்தோம். பிறகு தலைமையாசிரியர், "ஓர் ஆசிரியருக்கு ஓராண்டு மதிப்பூதியம் 84,000 ரூபாய். அதில் பாதி, 42,000 ரூபாயை நீங்கள் ஏற்க வேண்டும் என்று கேட்க வந்தோம்" என்று சொல்லிவிட்டு அமைதியானார். அந்த அமைதியில் நாம் ஏதாவது பேசித் தொகையைக் குறைத்துவிடத் தோன்றும், பேசாதீர்கள். ஆலை உரிமையாளர் 50 ரூபாய் என்றிருந்த வரியில் விரலை வைத்து அது யார் என்று விசாரித்தார், பிறகு காசோலைப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

மூன்று மாதம் கழித்து, எதையும் கேட்காமல், பணம் என்ன ஆயிற்று என்பதைச் சொல்வதற்காக மட்டும் ஒருமுறை போய்வாருங்கள்.

நிறுவனங்களை அணுகுவோருக்கு ஒரு குறிப்பு. 12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர்-1 பதிவு எண் (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெறுவதற்கான பதிவு), அதே துறையில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் ஆகியவை தேவை. நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அவர்கள் உங்கள் திட்டத்தில் ஆசிரியர் ஊதியத்தை வெட்டச் சொன்னால், அந்த வரம்பு நிறுவனத்தின் சொந்தப் பொது நிர்வாகச் செலவுக்கானது என்றும், திட்டத்தை நடத்த நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்றும் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். இதை அறியாமல் ஒருங்கிணைப்பாளர் ஊதியத்தை நானே வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: ரசீதும் படிவம் 10பிடியும்

பணம் சங்கத்தின் கணக்குக்கே வர வேண்டும். பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு 80ஜி சலுகை கிடைக்காது என்பதை ரசீதிலேயே அச்சிடுங்கள். நிதியாண்டு முடிந்தபின் மே 31-க்குள் படிவம் 10பிடியில் நன்கொடையாளர் விவரங்களைத் தாக்கல் செய்து, 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழை இறக்கி அவர்களுக்கு அனுப்ப வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். யுபிஐயில் வந்தவர்களின் பான் எண்ணை மே மாதத்தில் தேடிப் பெறுவது பெரும்பாடு. பணம் வந்த அன்றே வாட்ஸ்அப்பில் நன்றி சொல்லி, பெயர், முகவரி, பான் மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

வரிச்சலுகையை நம்பி நன்கொடை கேட்காதீர்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு 80ஜி கழிவு இல்லை.

பின்சேர்க்கை 1: நான் குறிப்பிட்டிருப்பவை 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறை என்பதால், அதற்குப் பிந்தைய காலத்துக்குப் பிரிவு எண்களையும் படிவ எண்களையும் ஆடிட்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் பணம் அனுப்பலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அவர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவராக இருந்து, தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கடவுச்சீட்டின் நகலை வாங்கி ரசீதோடு வையுங்கள். அவர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவராக இருந்தால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருந்தாலும், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்தும். அதற்கான பதிவும் புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தனிக்கணக்கும் இல்லாமல் அந்தப் பணத்தை வாங்கக்கூடாது. பணம் வந்த பிறகு விசாரிப்பதைவிட, கணக்கு எண்ணை அனுப்புவதற்கு முன்பே எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று கேட்டுவிடுங்கள்.