அடைபட்ட அறையில் தாயும் பிள்ளையும்: படமாக்கும் முறை

பத்தடிக்குப் பத்தடி அறை என்று திரைக்கதையில் எழுதியிருந்தால் செட்டையும் அதே அளவில் போடுங்கள். வசதிக்காகப் பன்னிரண்டாக்கினால் நெருக்கடி போய்விடும். சுவர்களைத் தனித்தனிப் பலகைகளாகச் செய்து போல்ட்டில் மாட்டினால், வேண்டியதை மட்டும் கழற்றிக் கேமராவை நுழைக்கலாம். லென்ஸ் மட்டும் சுவர்க்கோட்டைத் தாண்டி வெளியே போகக் கூடாது. 2015-இல் வந்த ‘ரூம்’ படத்துக்கு அதன் இயக்குநர் லென்னி ஆபிரகாம்சன் வைத்த ஒழுங்கு இதுதான். லென்ஸ் வெளியே போனால், பார்ப்பவரும் தப்பித்துவிடுவார்.

ஐந்து வயதுப் பிள்ளையின் கண்மட்டம் தரையிலிருந்து சுமார் மூன்றேகால் அடி. அங்கிருந்து 24 மி.மீ. லென்ஸில் எடுத்தால் அறை விரிந்து தெரியும். அவனுக்கு அதுதான் உலகம். அம்மாவை 50 மி.மீ. லென்ஸில் எடுங்கள், சுவர் முதுகில் ஒட்டும்.

சுவரில் அழுக்கைச் சீராகப் பூசாதீர்கள். பிள்ளையின் கை எட்டும் உயரம்வரை கறுத்து வழவழப்பாக இருக்கட்டும், அதற்கு மேல் வெளிறட்டும். பிளைவுட் தரை வெற்றொலி தரும். அடியில் ரப்பர் விரிக்கவும்.

குழந்தை நடிகரிடம் அவன் பாத்திரத்துக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். கதவை நிஜமாகப் பூட்டவே கூடாது. இருவரையும் அடைத்துவைத்த கொடியவன் கத்தும் ஷாட்டைப் பிள்ளை இல்லாத நேரத்தில் தனியாக எடுங்கள். இந்தியச் சட்டப்படி குழந்தைக்கு ஒரு நாளில் ஐந்து மணி நேர வேலைதான், ஓய்வின்றி மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது.

திரைக்கதையில் பலரும் சறுக்குவது தப்பித்தலோடு முடிப்பதில்தான். பாதிப் படத்தை அதற்குப் பின் வையுங்கள்: படிக்கட்டில் இறங்கத் தெரியாத கால்கள், வெயிலில் கூசும் கண், அந்த அறைக்கே போகலாமா என்று கேட்கும் பிள்ளை, அதைக் கேட்டு உறைந்துபோகும் தாய்.