ஒட்சிசன் அறைக்குப் போகும் முன்பே நாம் விடும் தவறுகள்

காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் கால் மாட்டிய நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர். போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "அக்கா, இந்த ஒட்சிசன் பெட்டிக்குள்ள வச்சா கால் சரியாகிருமா?" என்று கேட்டார். கால் கறுத்து, தொட்டால் சில்லென்று இருந்தது. மூன்று நாளாக லயத்து இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) கட்டிப்போட்டு, காயத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். அவர்களுடைய பாசத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் காலைக் கொண்டுபோனது அந்த மூன்று நாள்தான்.

உயரமுக்க ஒட்சிசன் சிகிச்சை என்னும் அந்தச் சிகிச்சை உண்மையானது. மூடிய அறைக்குள் கடல்மட்ட வளியமுக்கத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு அமுக்கத்தில் தூய ஒட்சிசனைச் சுவாசிக்க வைக்கிறார்கள். வழமையாக ஒட்சிசனைச் சுமப்பது செங்குழியத்திலுள்ள ஈமோகுளோபின். அமுக்கம் கூடும்போது இரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே ஒட்சிசன் கரைந்து, வீங்கி இரத்தம் சரியாக ஓடாத இடத்துக்கும் போய்ச் சேர்கிறது. ஆனால் கொஞ்சமாவது இரத்தம் ஓட வேண்டும். செத்த தசையை இது எழுப்பாது. காயத்தைச் சுத்தம் செய்வது, கிருமிக்கு மருந்து, தேவைப்பட்டால் சத்திரசிகிச்சை, இவற்றோடு சேர்ந்த துணைதான் இது. எல்லாம் கைவிட்ட பிறகு போகும் கடைசி வாசல் என்று நினைப்பதுதான் முதல் தவறு.

மண்ணெண்ணெய் இரண்டு வகையில் கெடுதல். தசையை எரிக்கும்; அதோடு, எண்ணெய் பட்ட உரோமத்தோடு ஒரு விலங்கைத் தூய ஒட்சிசனுக்குள் விடவே முடியாது. சிறு பொறி போதும். 2012இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இப்படியோர் அறைக்குள் குதிரை உதைத்ததில் பொறி பறந்து அறை வெடித்தது. குதிரையும் அங்கே வேலை செய்த பெண்ணும் இறந்தார்கள். கழுத்துப்பட்டி, சங்கிலி, செயற்கை நூல் துணி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வது இதனால்தான். காயத்தில் என்ன பூசினீர்கள் என்பதை மிருக வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

அதேபோல, ஆட்டோவில் அடிபட்டதையும் மறைக்காதீர்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து தேங்கியிருந்தால், அமுக்கத்தைக் குறைக்கும் நேரத்தில் அந்தக் காற்று விரிந்து உயிரையே எடுத்துவிடும். முதலில் எக்ஸ்ரே, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

வலிக்குப் பெனடோல் (பரசிற்றமோல்) கொடுப்பது நம் வீடுகளில் சர்வசாதாரணம். பூனைக்கு ஒரு குளிசையே எமன். அது ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்க முடியாதபடி மாற்றிவிடும். நாய்க்கும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

"மலைக்காற்றில் ஒட்சிசன் நிறைய" என்றும் சொல்கிறோம். காற்று சுத்தம்தான். ஆனால் கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளியமுக்கம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு; மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைவு. மூச்சுத் திணறும் நாயை இஸ்தோப்பில் காற்றோட்டமாகக் கிடத்தி வைத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். சிலிண்டர் ஒட்சிசனை பிளாஸ்டிக் பெட்டிக்குள் விட்டு வீட்டில் முயல்வதும் வேண்டாம். அதில் அமுக்கம் வராது. காபனீரொட்சைட்டும் சூடும்தான் சேரும், பக்கத்தில் விறகடுப்பு வேறு எரியும்.

நான் அதிகம் பயப்படுவது தை மாதக் குளிருக்குத்தான். கதவு ஜன்னல் எல்லாம் அடைத்து, காம்பராவுக்குள் கரித்தணல் வைத்துத் தூங்கினால் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு நிறையும். அது ஈமோகுளோபினை இறுகப் பிடித்துக்கொள்ளும். மனிதரில் சாதாரணக் காற்றில் அது பாதியாகக் குறைய 4, 5 மணித்தியாலம் பிடிக்கும். உயரமுக்க ஒட்சிசனில் அரை மணித்தியாலத்துக்குள் குறையும். அதனால்தான் இந்த நஞ்சுக்கு அந்த அறை இவ்வளவு பேசப்படுகிறது. ஆனால் காலையில் நாய் தள்ளாடினால் அறையைத் தேடி போனில் நேரம் கழிக்க வேண்டாம். உடனே வெளியே தூக்குங்கள், மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள், பேராதனை மிருக வைத்திய பீடத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முடியுமா என்றும் அவரிடமே கேளுங்கள். அதே காம்பராவில் தூங்கிய பிள்ளைக்குத் தலை வலிக்கிறதா என்றும் பாருங்கள். வலித்தால் பிள்ளையோடு முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.