கடல் அட்டைக் கடத்தலை டிவியில் காட்டுவதற்கு முன்

மண்டபம் கரையில் கடல் அட்டை பிடிபட்ட வழக்கை எடுக்கிறீர்களா? கைதானவர் முகத்தில் தொடங்காதீர்கள். குற்றவியலாளர் டெரெக் கார்னிஷ் 1994-இல் முன்வைத்த முறைப்படி, குற்றத்தைப் படிப்படியாகப் பிரியுங்கள்: கடலில் மூழ்கி எடுப்பது, குடலை நீக்கி அவிப்பது, உலர்த்துவது, பதுக்குவது, இரவில் படகேற்றுவது. ஒவ்வொரு படியிலும் யார், என்ன கருவி, எங்கே தடுத்திருக்கலாம் என்று எழுதுங்கள். கூலிக்கு மூழ்கியவரும் பணம் போட்டவரும் அப்போதுதான் தனித்தனியே தெரிவார்கள். இல்லாவிட்டால் பழி முழுக் குப்பத்தின் மேலும் விழும். அந்தக் குப்பத்தில் பெண் கேட்டு வருபவர்கூட யோசிப்பார்.

2001 முதல் கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். பறிமுதல் கூடினால் கடத்தல் கூடியது என்று அர்த்தமில்லை, சோதனை கூடியிருக்கலாம். தீர்ப்பு வரும்வரை 'குற்றம் சாட்டப்பட்டவர்'தான்.